வயிற்றுப் பிள்ளையின் உத்தரவு

மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு சாமி கிளம்பியிருந்தார். மற்ற ஊர்களில் சாமியார்கள் இமயமலைக்குப் போய்த் தவம் செய்துவிட்டு இறங்கி வருவார்கள். தங்கச் சுரங்கத்து ஊரான இந்தத் தங்க வயலில் மலைக்கு எங்கே போவது? இருப்பதெல்லாம் சுரங்கம். ஆகவே இவர் பூமிக்கு அடியில் தவம் செய்துவிட்டு ஏறி வந்தார். பெயர் பாதாள சாமி.

சுரங்கம் மூடுவதற்கு முன்னால், சாமி வாலிபராக இருந்தபோது, ஆளை இறக்கும் ஆழக்குழியான ஷாஃப்டுக்குள் பாறை சரிந்து அடி லெவலில் மாட்டிக்கொண்டாராம். சோறில்லை, தண்ணீரில்லை, விளக்கில்லை. அந்த இருட்டில் பூமாதேவியின் வயிறு அவரிடம் பேசியதாம். பூமியின் வயிறு பேசுவதைக் கேட்ட காதுக்குப் பொம்பளை வயிறு பேசுவது கேட்காதா? கேட்டது. கர்ப்பிணியின் வயிற்றில் பித்தளை டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து, அதில் காதை வைத்தால், உள்ளே இருக்கும் பிள்ளை பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. தமிழ்ப் பெண் வந்தால் தமிழில், தெலுங்குப் பெண் வந்தால் தெலுங்கில், கன்னடப் பெண் வந்தால் கன்னடத்தில். வெளியே வந்த பிள்ளைகள் மூன்று பாஷையிலும் ஃபெயிலாகிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆந்திரா எல்லையிலிருந்தெல்லாம் டெம்போ வரும். சுரங்கத் தொழிலாளிகளின் பழைய லைன் வீடுகளுக்கு நடுவே ஷாமியானா. மைக். ஸ்பீக்கர். மேடையில் சாமி. தலையில் சடை இல்லை, சுரங்கத்து ஹெல்மெட். அதில் இந்துக்களுக்காகக் குங்குமம், கிறிஸ்தவர்களுக்காகச் சிலுவை ஸ்டிக்கர், பௌத்தர்களுக்காக அரச இலை. எல்லா மதமும் ஒன்று என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அதைத் தொழிலில் காட்டியவர் இவர் ஒருவர்தான்.

வயிற்றுப் பிள்ளைகள் சும்மா பேசவில்லை. கேட்கவும் செய்தன. ஒரு பிள்ளை சாமிக்கு வெள்ளிக் கொலுசு காணிக்கை கேட்டது. இன்னொன்று மிக்ஸி கேட்டது. ஆசிரமத்துச் சமையலறைக்கு என்ன தேவை என்பது, இன்னும் உலகத்தையே பார்க்காத சிசுக்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

சாமியின் கட்டளை ஒன்றே ஒன்று. பிள்ளை உத்தரவு கொடுக்கும்வரை ஆசுபத்திரிப் பக்கம் போகக் கூடாது. ஊசி கூடாது. ரத்தம் எடுக்கக் கூடாது. ஸ்கேன் கூடவே கூடாது. கதிர் பட்டால் பிள்ளை ஊமையாகிவிடும். ஊமையான பிள்ளை சாமியிடம் பேசாது. பேசாத பிள்ளையைச் சுமப்பவள் சாமியைத் தேடி வரமாட்டாள். அப்படியானால் கதிர் பட்டால் நஷ்டம் யாருக்கு என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஆணா பெண்ணா என்று ஸ்கேன் சென்டரில் சொன்னால் ஜெயில். டம்ளரில் சொன்னால் அருள்.

இந்தக் கூட்டத்தில்தான் நிலாவும் உட்கார்ந்திருந்தாள்.

நிலா படித்தவள். பெங்களூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் பில் போடுகிற வேலை. விடியுமுன் எழுந்து ரயில் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள். கணவன் மகிழனுக்கும் அதே ரயில், வேறு கம்பெனி. மாமனார் தம்மபாலன் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்து ஓய்ந்தவர். பௌத்தக் குடும்பம். புத்த பூர்ணிமாவுக்கு விஹாரத்தில் மைக்கைப் பிடித்தால் மூடநம்பிக்கையை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். வீட்டுக்கு வந்ததும் அந்த வேர் மறுபடி மண்ணுக்குள் போய்விடும். காரணம் அவர் மனைவி தங்கம்மா.

போன வருஷம் நிலாவுக்கு ஒரு பிள்ளை உண்டாகி ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அப்போதும் அவள் ஆசுபத்திரிக்குத் தாமதமாகத்தான் போனாள். "மூணு மாசம் ஆவட்டும், கண்ணு பட்டுடும், வெளிய சொல்லாத" என்றாள் தங்கம்மா. பிறகு ஆடி வந்தது. புத்தருக்கு ஆடியோடு என்ன தகராறு என்று யாருக்கும் தெரியாது; இருந்தாலும் ஆடி போகட்டும் என்றார்கள். பிறகு லீவு கிடைக்கவில்லை. கர்ப்பம் என்று தெரிந்தால் கான்ட்ராக்ட்காரன் அடுத்த மாதம் வேறு ஆளைப் போட்டுவிடுவான் என்ற பயம் நிலாவுக்கு. கடைசியில் வலியெடுத்துப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வார்டில் எல்லோர் முன்னாலும் ஒரு நர்ஸ் கேட்டாள்: "படிச்ச பொண்ணு தானே? இவ்ளோ நாளா இன்னா பண்ணிகினு இருந்தே? நீயே கொன்னுட்டு வந்து இங்க அழுவுறியா?"

அந்தச் சொல் நிலாவின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. மறுபடி உண்டானபோது ஆசுபத்திரி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து மாமியார் பாதாள சாமியிடம் அழைத்துப் போனாள். அங்கே முதல் வார்த்தையே "வா தாயே" என்பதுதான். மோசடிக்காரனுக்கு மரியாதை தெரியும். அதுதான் அவன் முதலீடு.

முதல் தடவை வரிசையில் உட்கார்ந்தபோது, சம்பங்கி என்ற பெண் எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஆசிரமத்துச் சேவகி. காதுக்கும் தோளுக்கும் நடுவே எப்போதும் ஒரு போன். சிரித்த முகம். "எந்த ஊரு, எத்தினியாவது மாசம், வூட்ல எத்தினி பேரு" என்று பாசமாக விசாரிப்பாள். தங்கம்மாவுக்கு விசாரித்தால் போதும். போன பிள்ளை, அழுத அழுகை, நர்ஸ் திட்டியது வரை ஒன்று விடாமல் சொல்லி இரண்டு டம்ளர் மோரும் குடித்தாள்.

மேடைக்குப் போனதும் சாமி டம்ளரில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"முன்னாடி ஒரு உசுரு வந்துட்டுத் திரும்பிப் போச்சு. அதான் இது பயப்படுது தாயே. 'அக்கா மாதிரி என்னையும் ஊசி போட்டு அனுப்பிடுவாங்களா'ன்னு கேக்குது."

நிலா உடைந்து அழுதாள். அன்றைக்கே அவள் கொலுசு உண்டியலுக்குப் போனது. வீட்டுக்கு ஒரு கறுப்புக் கயிறும், ஒரு பாட்டில் எண்ணெயும், ஒரு பொட்டலம் பாதாள மண்ணும் வந்தன. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டில் சும்மா கிடக்கும் மண்தான். பொட்டலம் கட்டியதும் பாதாளம் ஆகிவிட்டது.

மாதங்கள் போயின. ஏழாவது மாதம் பிறந்தது. நிலாவின் கால் வீங்கியது. பிறகு கை. பிறகு முகம். மோதிரம் கழற்ற வரவில்லை. தலை விண்விண் என்று தெறித்தது.

"சாமிகிட்ட கேட்டேன்" என்றாள் தங்கம்மா. "பிள்ளை ராஜாவாட்டம் காலு நீட்டிகினு கீதாம். அதான் வீக்கம். உத்தரவு இன்னும் வரல."

தம்மபாலன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "எந்த ஷாஃப்டுல மாட்டிகினாராம் உங்க சாமி? நான் இருந்த வரைக்கும் அப்படி ஒரு ஆளப் பத்திக் கேள்விப்பட்டதே இல்லியே."

"நீ சும்மா கிட" என்றாள் தங்கம்மா. பகுத்தறிவு சும்மா கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கம்மாவுக்கு முழங்கால் வலி. நிலா தனியாகப் போனாள். மகிழனுக்கு அன்றும் ஷிஃப்ட். வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு பெண், தனக்கு முதல் பிள்ளை தங்கவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த கிழவி உடனே தன் மருமகளின் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி உட்கார வைத்தாள். பிள்ளை தங்காதவளின் காற்றுப் பட்டுவிடுமாம். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நிலா அதைப் பார்த்தாள்.

சம்பங்கி மோரோடு வந்தாள். வாராவாரம் பார்க்கும் கூட்டத்தில் அவளுக்கு நிலாவின் முகம் நினைவில்லை. அதுவும் இப்போது அந்த முகம் வீங்கிப்போய் வேறு முகமாகியிருந்தது.

"முதல் பிள்ளையா கண்ணு?"

கிழவி திரும்பிப் பார்த்தாள். நிலாவுக்கு வாயில் வந்தது வேறு.

"இல்லக்கா. இது ரெண்டாவது. பெரியவன் எல்.கே.ஜி. போறான்."

"பேரு இன்னா?"

"சேரன்."

போன பிள்ளை ஆணாகப் பிறந்தால் வைக்கலாம் என்று மகிழனும் அவளும் ஆசையாகப் பார்த்து வைத்திருந்த பெயர் அது.

மேடையில் சாமி டம்ளரைக் கவிழ்த்தார். காதை வைத்தார். புன்னகை பூத்தார். மைக்கில் குரல் குழைந்தது.

"தாயே, உன் பிள்ளை ஆடுது, பாடுது. 'எங்க அண்ணன் சேரன் ஸ்கூலுக்குப் போயிட்டானா, எல்.கே.ஜி. மிஸ் அவன அடிப்பாங்களா'ன்னு கேக்குது. அண்ணன் மேல அம்மாம் பாசம்."

ஒரு கணம் நிலாவின் கண்ணுக்குள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஒரு பையன் ஓடினான். அடுத்த கணம் அவன் இல்லை. அவள் டம்ளரைப் பார்த்தாள். சாமியின் முகத்தைப் பார்த்தாள். தன் வயிற்றையும் பார்த்தாள். முதல் தடவை "அக்கா மாதிரி என்னையும் அனுப்பிடுவாங்களா" என்று இதே டம்ளரில் பயந்த பிள்ளை, இந்தத் தடவை இல்லாத அண்ணனுக்காக உருகுகிறது. பக்கத்துக் கிழவியை விட்டால், அந்தப் பொய் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி சொன்னவள். இன்னொருத்தி தோளில் போனோடு மோர் ஊற்றியவள்.

"உத்தரவு குடுத்துச்சா சாமி?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல தாயே. பொறு."

நிலா பொறுக்கவில்லை. வெளியே வந்ததும் கண் முன்னால் பூச்சி பறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தோழி ஷோபாவுக்குப் போன் செய்தாள். ஷோபா பங்காருபேட்டைக்காரி, தினமும் ரயிலில் நிலாவுக்குச் சீட்டுப் பிடித்துவைப்பவள். வாயில் பாதிச் சோறும் பாதிச் சிரிப்புமாகப் போனை எடுத்தவள், நிலாவின் குரலைக் கேட்டதும் தட்டை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்து நேரே ஆசுபத்திரிக்குத் தூக்கிப் போனாள்.

அங்கே ஒரு நர்ஸ் வாயைத் திறந்தாள்: "இத்தினி மாசம் எங்க இருந்தே?"

ட்யூட்டியில் இருந்த டாக்டரம்மா கையை உயர்த்தினாள். "திட்டுறதெல்லாம் அப்புறம். முதல்ல பி.பி. பாருங்க."

பார்த்தார்கள். பி.பி. எகிறியிருந்தது. சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். ஊசி போட்டார்கள். படுக்கையில் போட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும்மா" என்றாள் டாக்டரம்மா. "உனக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. மாசாமாசம் கையில பி.பி. பட்டையைக் கட்டிப் பார்த்திருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும். இனிமே விடாதே."

நிலா குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டாள். குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம். அதில் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. உயிர் மட்டும் இருந்தது.

தங்கம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நிலா நடந்ததைச் சொன்னாள். சேரன் என்ற பொய்யைச் சொன்னாள். மருமகள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மாமியார் தீர்ப்புச் சொன்னாள்:

"சாமி உன்ன சோதிச்சிருக்காரு. உத்தரவு இல்லாம நீ இங்க வந்தே பாரு, அதான் இப்படி. காலையில வரைக்கும் உனக்கு பி.பி.யே இல்ல. இவங்க பட்டையைக் கட்டினாங்க, வந்துடிச்சு."

வெயில் அடிப்பதற்குக் குடை காரணம் என்று சொல்லும் அறிவு இது. இதற்கு டாக்டரிடம் மருந்து கிடையாது.

பக்கத்துக் கட்டிலில், வயிற்றிலேயே ஆறு மாதப் பிள்ளையை இழந்த ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் மணிக்கட்டிலும் அதே கறுப்புக் கயிறு. நிலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஷோபாவைக் கூப்பிட்டாள்.

"நீ எனக்காக ஒரு வேலை பண்ணணும். பிள்ளைத்தாச்சி ஆவணும்."

"எனக்கு இன்னும் மாப்பிள்ளையே பாக்கலியே" என்றாள் ஷோபா.

"மாப்பிள்ளை வேணாம். தலகாணி இருந்தா போதும்."

மாத்திரையில் பி.பி. அடங்கி நிலா வீட்டுக்கு வந்தாள். நடக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவை ஷாமியானா ஓரத்தில் நிறுத்தி, அதிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில், சாமியிடம் மருமகளுக்காக மன்னிப்புக் கேட்க வந்த தங்கம்மா. அவர்களுக்குத் துணையாகத் தம்மபாலன்.

வரிசையில் ஷோபா. நிறைமாத நடை. ஒரு கை இடுப்பில், ஒரு கை வயிற்றில். கண்ணில் களைப்பு. நாடகக் கம்பெனி பார்த்திருந்தால் விட்டிருக்காது. சம்பங்கி மோர் கொடுத்தாள். ஷோபா வஞ்சனையில்லாமல் பேசினாள். புருஷன் துபாயில் கிரேன் ஓட்டுகிறான். இவர்கள் குடும்பத்தில் ரெட்டைப் பிள்ளை வழக்கம். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. சம்பங்கி தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். போன் தோளில் இருந்தது. உதடு அசைந்தது.

ஷோபாவின் முறை வந்தது. சாமி டம்ளரைக் கவிழ்த்தார். காதை வைத்தார். புருவம் ஏறியது.

"அடடா. ஒரு குரல் இல்ல, ரெண்டு குரல் கேக்குது."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ரெட்டைப் பிள்ளை தாயே. 'அப்பா அக்கரைச் சீமையில உசரத்துல உக்காந்து இரும்பைத் தூக்கறாரு, பாத்து வரச் சொல்லு'ன்னு சொல்லுதுங்க."

"ஆணா பொண்ணா சாமி?"

"ஒண்ணு சிங்கம். ஒண்ணு மகாலட்சுமி."

"ரெண்டும் நல்லா கீதா? எனக்கு மயக்கம் மயக்கமா வருது. ஆசுபத்திரிக்குப் போவட்டுமா?"

"வேணாம். ரெண்டும் ஒரே குரலா வேணாங்குது. நல்லா பேசுதுங்க, நல்லா உதைக்குதுங்க. இந்தா பாரு, டம்ளரே ஆடுது."

எல்லாம் மைக்கில் ஊருக்கே கேட்டது. ஷோபா எழுந்தாள். முந்தானைக்குள் கைவிட்டாள். பூப்போட்ட உறை மாட்டிய தலையணை ஒன்றை உருவி, சாமியின் மடியில் வைத்தாள்.

"சுகப்பிரசவம். சிங்கத்துக்கும் மகாலட்சுமிக்கும் நீங்களே பேரு வைங்க சாமி."

ஸ்பீக்கர் கொர் என்று இரைந்தது. சாமி தலையணையைப் பார்த்தார். தலையணை சாமியைப் பார்க்கவில்லை. அதற்குக் கண்ணில்லை, கூட்டத்துக்கும் இவ்வளவு நாளாக இருந்ததில்லை.

சாமி சுதாரித்தார். "இது மாயை. பாதாளத்தைச் சோதிக்க வந்த பாவி..."

அப்போதுதான் தம்மபாலன் மேடை ஏறினார். விஹாரத்து மேடையல்ல, நிஜமான மேடை. வாழ்நாளில் முதல் தடவையாகப் பேச்சில்லாமல் ஒரு காரியம் செய்தார். சாமியின் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே ஒட்ட வெட்டிய தலை. டம்ளர்ப் பக்கம் இல்லாத காதில் ஒரு குட்டிப் புளூடூத்.

முகம் முழுசாகத் தெரிந்ததும் முன்வரிசையில் ஒருவன் சொன்னான்: "யோவ், இது பங்காருபேட்டையில செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருந்த சுனில் தானே? என் போனை வாங்கிட்டுக் கடைய மூடிட்டுப் போனானே."

தம்மபாலன் புளூடூத்தை எடுத்து ஆட்டோவுக்குக் கொண்டுவந்து, மனைவியின் காதில் வைத்தார். மோர்ப் பானைக்குப் பின்னால் கடைசி வரிசையில், ஒரு காதில் போனும் மறு காதில் அடுத்தவளின் கதையுமாக இருந்த சம்பங்கிக்கு மேடையில் என்ன நடக்கிறதென்று தெரியாது. அவள் கடமை தவறாதவள். தங்கம்மாவின் காதுக்குள் தெய்வவாக்கு இறங்கியது:

"அடுத்தது மஞ்சப் புடவை. அஞ்சாம் மாசம். மூத்தது பொண்ணு, ஆம்பளப் பிள்ளை வேணும்னு சொல்லுறா. கையில தங்க வளையல் கீது. வளையலக் கேளு."

தங்கம்மா அசையாமல் கேட்டாள். பிறகு மருமகளின் வீங்கிய காலைப் பார்த்தாள்.

"நான் சொன்னதுதான்" என்றாள். "அன்னிக்கு நான் மோரக் குடிச்சுட்டு வாயால சொன்னதத்தான், திருப்பி எனக்கே வித்திருக்கான். நான் உன் கொலுசக் குடுத்து வாங்கிகினு போயிருக்கேன்."

மஞ்சள் புடவைக்காரியிடம் போய் அவளே சொன்னாள்: "வளையல இறுக்கிப் புடிச்சிகினு ஆசுபத்திரிக்குப் போம்மா."

அதற்குள் சுனில் ஷாமியானாவின் பின்பக்கம் வழியாகப் பாதாளத்துக்குத் திரும்பப் பார்த்தார். பாதாளம் சேர்த்துக்கொள்ளவில்லை, போன் கொடுத்து ஏமாந்தவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான். போலீஸ் வந்தது. உண்டியலும் மிக்ஸியும் ஜீப்பில் ஏறின.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சொல்வது சாமியார்களின் தொழில். டெம்போவில் திரும்பிப் போனவர்களில் பாதிப்பேர், "சுனிலு டுபாக்கூரு. நெசமான பாதாள சாமி வேற ஒருத்தர் ஆந்திரா பக்கம் கீறாராம்" என்று பேசிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, "அப்போ எங்க பிள்ளைக்கு உத்தரவு யாரு குடுப்பாங்க?" என்று கேட்டு அழுதாள்.

நிலாவுக்குத் தேதிக்கு முன்னாலேயே குழந்தை பிறந்தது. பெண். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். தாய் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. டிஸ்சார்ஜ் அன்று நிலா அந்தப் பழைய நர்ஸிடம் போய் நின்றாள்.

"சிஸ்டர், போன வருஷம் நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் நான் அந்த ஆளுகிட்ட போனேன். அவன் 'வா தாயே'ன்னான். நீங்க அதுல பாதி சொல்லியிருந்தா நேரா இங்க வந்திருப்பேன்."

நர்ஸ் குழந்தையின் போர்வையைச் சரிசெய்து கொடுத்தாள்.

இப்போது தங்கம்மா தெருவில் யாராவது வாந்தியெடுத்தால் முதல் ஆளாகப் போய் நிற்கிறாள். அன்றைக்கும் எதிர்வீட்டு மருமகளை ஆசுபத்திரிக்குக் கிளப்பப் போயிருந்தாள். எதிர்வீட்டுக்காரி தயங்கினாள்.

"இன்னாத்துக்கு இம்மாம் அவசரம்? மூணு மாசம் ஆவட்டும். அப்பால ஒரு நல்ல நாளு பாத்து..."

"நோவு நல்ல நாளு பாத்துகினா வருது?" என்றாள் தங்கம்மா. "செருப்பைப் போடச் சொல்லு அவள."

வயிற்றுப் பிள்ளைக்கு மூளை வளர ஒன்பது மாதம் ஆகும். அதுவரை வெளியே இருப்பவர்கள் தங்களுடையதைக் கொஞ்சம் உபயோகித்தால் போதும்.